மூன்றரை வயது மகளிடம் கத்தாமல் காலையைக் கடத்துவது எப்படி?

இருபிள்ளை_அப்பா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மூன்றரை வயதில் ஒரு மகள், எட்டு மாதத்தில் ஒரு மகன். மகன் பிறக்கும்வரை மகளைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. இப்போது காலையில் கண் விழித்ததிலிருந்து ஒவ்வொன்றுக்கும் போராட்டம். பல் தேய்க்கக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள், சட்டையைப் போட்டுவிட்டால் கழற்றுகிறாள், ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டு மறு காலுக்குப் போவதற்குள் முதல் செருப்பைத் தூக்கி எறிகிறாள். நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும், மனைவியின் இடுப்பில் சின்னவன், நேரம் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் நல்லபடியாகத்தான் சொல்வேன். நாலாவது தடவை குரல் உயரும், ஏழாவது தடவை கத்திவிடுவேன். கத்தினால் வேலை நடந்துவிடுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். தெரியாமல்தான். மேசை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது, அவள் அதைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்து, "அப்பா, இப்ப உங்க குரல் பெருசாகப் போகுதா?" என்று கேட்டாள். கேட்கும்போதே இரண்டு கையும் காதுப்பக்கம் போய்விட்டன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்பாகப் பேசுங்கள், பொறுமையாக இருங்கள் என்பதையெல்லாம் நிறையப் படித்துவிட்டேன். அன்புக்குக் குறைவில்லை. செருப்பு பறந்து வருகிற அந்த நிமிடத்தில் என் கையும் வாயும் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. உங்கள் வீட்டில் உண்மையிலேயே பலித்தது எது? என் அம்மா "ஒரு அடி போட்டா எல்லாம் சரியாகிடும்" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அவருக்கு என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை.

முல்லைக்கொடி:

சகோ, உங்கள் மகள் கேட்ட அந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மூத்தவனுக்கு நாலு வயதில் இதே நிலைமைதான். ஒரு குழந்தை உளவியல் ஆலோசகரிடம் போனோம். பையனை உட்காரவைத்து ஏதாவது சொல்வார் என்று நினைத்தால், அவர் எங்களைத்தான் கவனித்தார். பத்து நிமிடம் அவனோடு விளையாடச் சொல்லிவிட்டு, பிறகு தான் எழுதிவைத்திருந்ததைக் காட்டினார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் அவனிடம் கேட்ட கேள்விகள் 31, இட்ட கட்டளைகள் 14, பாராட்டு ஒன்றே ஒன்று. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு நான் பரீட்சை வைத்திருக்கிறேன்.

அவர் கொடுத்த வேலை இதுதான். தினமும் ஐந்து நிமிடம், குழந்தை தலைமையில் விளையாட்டு. போனை இன்னொரு அறையில் வைத்துவிட வேண்டும். கட்டைகள், வரைவதற்குத் தாள், களிமண் மாதிரி ஏதாவது போதும். நாம் செய்ய வேண்டியது, அவன் செய்வதை வாய்விட்டுச் சொல்வது. "நீலக் கட்டையை மேல வைக்கிற. ஆடுது. கையால பிடிச்சுக்கிட்ட." அவன் ஏதாவது சொன்னால் அதையே திருப்பிச் சொல்வது. அவன் செய்வதைப் பார்த்து நாமும் செய்வது. செய்யக் கூடாதவை மூன்று: கேள்வி, கட்டளை, திருத்தம். "இது என்ன கலர்?" என்று கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பாருங்கள், நாக்கு தானாகவே போகும். அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய ஒரு சிகிச்சை முறையிலிருந்து வந்தது இது. அதில் பெற்றோர் குழந்தையோடு விளையாடும்போது ஆலோசகர் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, காதுக்கருவி வழியாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

முதல் மூன்று நாள் எனக்கு விளையாட்டு வர்ணனை செய்வது போலக் கூச்சமாக இருந்தது. நாலாவது நாள் வேறு யோசனையில் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டேன். அவன் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து, "அம்மா, நான் என்ன செய்றேன்னு சொல்லு" என்றான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஒன்று முக்கியம். அன்றைக்கு அவள் எவ்வளவு அடம் பிடித்திருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தைத் தண்டனையாகப் பிடுங்கிவிடாதீர்கள். மோசமான நாளில்தான் அவளுக்கு அது அதிகம் தேவைப்படும். தம்பி பிறந்த பிறகு அவள் இழந்தது உங்கள் இருவரின் முழுக் கவனத்தை. செருப்பை எறிந்தால் அது உடனே கிடைக்கிறது, திட்டாகக் கிடைத்தாலும் கிடைக்கிறது. எறியாமலேயே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

மழலைவகுப்பு_டீச்சர்:

முல்லைக்கொடி சொன்னது அடித்தளம். நான் அந்தக் காலை நேரத்துக்கு வருகிறேன். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளோடு 17 வருடமாக இருக்கிறேன், ஒரே நேரத்தில் இருபது ஜோடிச் செருப்பைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் ஏழு தடவை சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்து சொல்கிறீர்கள்? பெரும்பாலும் அடுத்த அறையிலிருந்து, அல்லது நின்றபடி, வேறு வேலை செய்துகொண்டே. அந்த வயதுக் குழந்தைக்கு அது காற்றில் போகிற சத்தம். பக்கத்தில் போய், முட்டி போட்டு, அவள் கண் மட்டத்துக்கு வந்து, தோளைத் தொட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் பார்த்த பிறகு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். இந்த ஐந்து விநாடி நமக்குத்தான் தாங்காது. காதில் விழுந்ததைப் புரிந்துகொண்டு, செய்துகொண்டிருப்பதை விட்டு, உடம்பைத் திருப்ப அவளுக்கு அந்த நேரம் வேண்டும். அதற்குள் நாம் இரண்டாவது, மூன்றாவது தடவை சொல்லிவிடுகிறோம்.

அப்புறம், என்ன செய்யக் கூடாது என்பதை விட்டுவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். "எறியாதே" என்றால் அவள் மனதில் நிற்பது எறிவதுதான். "செருப்பைத் தரையில வை" என்றால் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. "ஓடாதே" என்பதை "என் கையைப் பிடிச்சுக்கிட்டு நட" என்று மாற்றுங்கள். கட்டளையைக் கேள்வியாகவும் கேட்காதீர்கள். "செருப்பு போட்டுக்கலாமா?" என்றால் "வேண்டாம்" என்பதும் நியாயமான பதில்தான், அவள் மேல் தப்பில்லை. அதற்குப் பதில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள், இரண்டுமே உங்களுக்குச் சம்மதமானதாக இருக்கட்டும்: "முதல்ல வலது காலா, இடது காலா?", "நீயே போடுறியா, நான் போட்டு விடட்டுமா?" மூன்றரை வயதில் "நானே" என்பது பெரிய விஷயம். அதற்கு ஒரு சின்ன இடம் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

படங்கள் வரைந்த அட்டை ஒன்று செய்யுங்கள். எழுந்திருப்பது, பல் தேய்ப்பது, சட்டை, சாப்பாடு, செருப்பு என்று ஐந்தே படம் போதும், அவளையே வரையச் சொல்லுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு துணி மாட்டும் கிளிப்பை அடுத்த படத்துக்கு அவளே நகர்த்தட்டும். "அடுத்து என்ன?" என்று நீங்கள் கேட்டால் அவள் அட்டையைப் பார்ப்பாள். அப்போது அட்டைதான் சொல்கிறது, அப்பா சொல்லவில்லை. இதை நான் பல குழந்தைகளிடம் பார்த்துவிட்டேன், அப்பா அம்மாவோடு மல்லுக்கு நிற்கிற குழந்தை அட்டையோடு மல்லுக்கு நிற்பதில்லை.

பாராட்டும்போது "குட் கேர்ள்" என்று பொதுவாகச் சொல்லாமல், பார்த்ததைச் சொல்லுங்கள். "ரெண்டு செருப்பையும் நீயே மாட்டிக்கிட்டியே, பின்னாடி பட்டையைக்கூட இழுத்துவிட்டுட்ட." எது பிடித்தது என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தால்தான் நாளைக்கும் அதைச் செய்வாள். ஸ்டிக்கர் அட்டை வைத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு பழக்கத்துக்கு, சில வாரங்களுக்கு. வாங்கிய ஸ்டிக்கரை மட்டும் கோபத்தில் திரும்பப் பிடுங்காதீர்கள். அது அவள் உழைத்து வாங்கியது.

பழைய_ஆலமரம்:

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்? இப்போதைய பெற்றோர் செருப்பு போட்டுக்கொள்ளப் பிள்ளையிடம் கெஞ்சுகிறார்கள். பிள்ளைக்கு ஒரு பயம் வேண்டும், எல்லை தெரிய வேண்டும். நான் பாட்டனாகிவிட்டவன், அக்கறையில்தான் சொல்கிறேன்.

செவிலி_கனிமொழியாள்:

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. எல்லை வேண்டும் என்று நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோரின் வளர்ப்பு முறைகளைப் பிரித்துப் பார்த்தார். கண்டிப்பு மட்டும் உள்ள வீடு, செல்லம் மட்டும் உள்ள வீடு, பாசமும் உறுதியும் சேர்ந்த வீடு என்று மூன்று வகை. மூன்றாவது வகை வீட்டுக் குழந்தைகளே தன்னம்பிக்கையோடும் கட்டுப்பாட்டோடும் இருந்தார்கள். கெஞ்சுவது அந்த முறையில் இல்லவே இல்லை. ஆனால் எல்லைக்கு அடி தேவையில்லை. எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஐம்பது ஆண்டுகளில் 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அடி வாங்கிய குழந்தைகளிடம் பணிவு கூடியதாகத் தெரியவில்லை. எதிர்ப்பும் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும்தான் கூடுதலாகக் காணப்பட்டன. சுவீடன் 1979இலேயே வீட்டில் அடிப்பதையும் சட்டப்படி தடை செய்தது, உலகில் முதல் நாடு அதுதான். நாம் நல்லபடியாக வளர்ந்தது அடியால் அல்ல, அடியைத் தாண்டி நம்மேல் பாசம் வைத்த யாரோ ஒருவரால் என்று நான் நம்புகிறேன்.

இருபிள்ளை_அப்பா, நீங்கள் "கத்தினால் வேலை நடந்துவிடுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் சரியான பயம். அங்கே இரண்டு பேர் பாடம் படிக்கிறார்கள். முதல் ஆறு தடவை சொல்வது கணக்கில் வராது, ஏழாவது தடவை அப்பா முகம் சிவக்கும்போதுதான் நிஜம் என்று அவள் படிக்கிறாள். கத்தினால்தான் நடக்கும் என்று நீங்கள் படிக்கிறீர்கள். நாளாக ஆக இருவரின் சத்தமும் கூடும். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற ஆய்வாளர் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து பார்த்து விளக்கிய சுழற்சி இது. வெளியே வர வழி, ஏழாவது தடவையில் செய்வதை இரண்டாவது தடவையிலேயே, அமைதியாகச் செய்துவிடுவது. ஒரு முறை சொல்லுங்கள், ஐந்து எண்ணுங்கள், இன்னொரு முறை சொல்லுங்கள், பிறகு வார்த்தை வேண்டாம். போய்க் காலைப் பிடித்துச் செருப்பை மாட்டிவிடுங்கள். அழுவாள். "நீயே போடணும்னு ஆசை, இப்ப நேரம் ஆயிடுச்சு, நாளைக்கு நீயே போடலாம்" என்று சொல்லிக்கொண்டே மாட்டிவிடலாம். மிரட்ட வேண்டாம், செய்ய முடியாததைச் சொல்லவும் வேண்டாம். "உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சிணுங்கல், மூக்கால் பேசுவது, தரையில் புரள்வது, இவற்றைக் கண்டுகொள்ளாமல் விடலாம். ஆனால் அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நீங்கள் கவனிக்காமல் விட ஆரம்பித்ததும் அது முதலில் கூடும், சில நாள் பயங்கரமாகக் கூடும். இதுவரை வேலை செய்த வழி ஏன் இப்போது வேலை செய்யவில்லை என்று அவள் இன்னும் பலமாக முயல்கிறாள். பல பேர் சரியாக இந்த இடத்தில்தான், "பார், இதெல்லாம் சரிப்படாது" என்று விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள், அப்போது இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று குழந்தைக்குப் பாடம் ஆகிவிடுகிறது. சிணுங்கல் நின்ற அந்த நொடியே திரும்பிப் பார்த்துப் பேசுங்கள், கண்டுகொள்ளாமல் விடுவதில் பாதி வேலை அதுதான். தம்பியை அடிப்பது, கடிப்பது, சாலையில் ஓடுவது ஆகியவற்றை ஒருபோதும் இப்படி விடக் கூடாது.

இருபிள்ளை_அப்பா:

எல்லோருக்கும் நன்றி. பழைய_ஆலமரம் ஐயா, உங்களுக்கும் நன்றி, என் அம்மா சொல்வதன் பின்னால் இருக்கிற கவலை உங்கள் பதிலில்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டு சந்தேகம். தம்பியை அவள் கிள்ளுகிறாள். நாங்கள் பார்க்காதபோது கிள்ளுகிறாள், அவன் அழுதால் ஓடிவந்து முத்தம் கொடுக்கிறாள். அதற்கு என்ன செய்வது? இன்னொன்று, இவ்வளவு படித்த பிறகும் நேற்றுக் காலை கத்திவிட்டேன். கத்திய பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

ஆழிமழை:

நானும் இரண்டு பெண்களுக்கு அப்பா. கிள்ளுவதற்கு முதலில் கையைப் பிடியுங்கள், வலிக்கப் பிடிக்க வேண்டாம், நிறுத்துகிற மாதிரி. "கிள்ளக் கூடாது, தம்பிக்கு வலிக்கும்" என்று ஒரு வரி போதும், பிரசங்கம் வேண்டாம். உடனே கிள்ளப்பட்ட குழந்தையைத் தூக்குங்கள், கவனம் அவனுக்குப் போகட்டும். பிறகு, அன்றைக்கே வேறொரு நேரத்தில், அவளிடம் அந்த உணர்ச்சிக்குப் பெயர் வைத்துச் சொல்லுங்கள்: "அம்மா எப்பவும் தம்பியையே தூக்கி வச்சிருக்கிறது உனக்குக் கோபமா இருக்கு, இல்ல?" பொறாமைப்படாதே என்று சொல்லிப் பொறாமை போவதில்லை. என் மூத்தவள் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு, "ரொம்ப" என்றாள். ஒரே வார்த்தை. அதன் பிறகு கோபம் வந்தால் என்னிடம் வந்து, "ரொம்ப வருது" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்குத் தம்பி விஷயத்தில் ஒரு பொறுப்பும் கொடுத்துப் பாருங்கள், துணி எடுத்து வருவது, பாட்டுப் பாடுவது மாதிரி. ஆனால் "நீ பெரியவ ஆயிட்ட" என்பதை அதிகம் சொல்லாதீர்கள், அவளுக்கு மூன்றரை வயதுதான்.

கத்திய பிறகு: முதலில் நீங்கள் அடங்குங்கள், அதற்கு இரண்டு நிமிடம் ஆனாலும் சரி. குழந்தை பத்திரமான இடத்தில் இருந்தால் "அப்பா மூச்சு விட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து போகலாம். பிறகு முட்டி போட்டு, "அப்பா கத்திட்டேன். அது உனக்குப் பயமா இருந்திருக்கும். கத்தினது என் தப்பு. சாரி" என்று சொல்லுங்கள். "ஆனா நீ செருப்பை எறிஞ்சதாலதான்" என்று சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் மன்னிப்பு மறுபடி திட்டாகிவிடும். செருப்பைப் பற்றித் தனியாக, பிறகு பேசிக்கொள்ளலாம். எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் கைக்குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. அம்மா சட்டென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார்ந்தால் குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கடைசியில் அழும். அம்மா பழையபடி திரும்பி வந்ததும் மெல்ல மீண்டும் சேர்ந்துகொள்ளும். அறுந்ததை ஒட்டவைப்பது குழந்தைக்குத் தெரியும் என்பதே எனக்கு அதில் பெரிய ஆறுதல், நாம் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கேள்வி: அவள் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள்? 3, 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் காலைப் போராட்டத்தில் பாதிக்குக் காரணம் முந்தின இரவு.

இருபிள்ளை_அப்பா:

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்ல வந்தேன்.

தூக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இரவு பத்தரைக்குத் தூங்கி ஏழு மணிக்கு எழுப்பப்படுகிறாள் என்று அன்றுதான் கணக்குப் போட்டோம். இப்போது ஒன்பதுக்குள் விளக்கை அணைக்கிறோம், எல்லா நாளும் முடிவதில்லை. ஐந்து நிமிட விளையாட்டு இரண்டு நாள் தவிர எல்லா நாளும் நடந்தது. படம் வரைந்த அட்டை நன்றாக ஓடுகிறது, செருப்புக்கு அவள் வரைந்தது இரண்டு மீன் மாதிரி இருக்கிறது, அதனால் எங்கள் வீட்டில் செருப்புக்கு மீன் என்று பெயர் வந்துவிட்டது. ஸ்டிக்கர் எங்களுக்குச் சரிப்படவில்லை, நாலாவது நாளே ஒவ்வொன்றுக்கும் ஸ்டிக்கர் கேட்க ஆரம்பித்துவிட்டாள், நிறுத்திவிட்டோம். சிணுங்கலைக் கண்டுகொள்ளாமல் விட்ட முதல் வாரம், செவிலி சொன்னது போலவே, நரகம். முன்கூட்டியே தெரிந்திருந்ததால் தாக்குப்பிடித்தோம். கிள்ளுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

நான் மூன்று தடவை கத்தினேன். முன்பு ஒரே காலையில் அவ்வளவு இருக்கும். மூன்று தடவையும் மன்னிப்புக் கேட்டேன். முதல் தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அம்மாவுக்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று அவர் அடுப்படியிலிருந்து அவளைக் கூப்பிட்டார், அவள் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிடப் போனவர் நிறுத்திக்கொண்டு, கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்து, முட்டி வலியோடு மெல்ல அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.